டிரங்குப் பெட்டியோடு வந்த விளையாட்டுகள்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. வெளவால் புழுக்கையும் பழைய தோல் வாடையும் சேர்ந்து அடிக்கும். அந்த அறையை ஒழித்து வகுப்பறையாக்கப் போகிறோம், ஒரு கை கொடு என்று என்னோடு படித்தவன் கூப்பிட்டான். அவன் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை போனேன். உடைந்த கேரம் போர்டு, காற்றுப் போன பந்துகள், துருப்பிடித்த குண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்ட பிறகு, அலமாரியின் அடித்தட்டில் காலிகோ அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று கிடைத்தது. விளையாட்டுப் பொருள் இருப்புப் பதிவேடு. எங்களுக்கு அன்றும் இன்றும் அது ஸ்டாக் ரெஜிஸ்டர்தான்.

மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். தேதி, பொருள், எண்ணிக்கை, விலை, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். பாதி நோட்டு வரை போன பிறகுதான் ஒன்று உறைத்தது. கையெழுத்து மாறுகிற பக்கத்திலெல்லாம் விளையாட்டும் மாறுகிறது. ஒரு கையெழுத்து வாலிபால் வாலிபாலாக வாங்குகிறது. அடுத்தது கம்பளிப் பந்து வாங்குகிறது. அதற்கடுத்தது ஹாக்கி மட்டை. எங்கள் ஊருக்கென்று பூர்வீகமாக ஒரு விளையாட்டு இருந்ததாக நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் சும்மா. மாறுதல் உத்தரவில் எந்த டிரில் வாத்தியார் பஸ்ஸிலிருந்து டிரங்குப் பெட்டியோடு இறங்கினாரோ, அவர் இளவயதில் எதை ஆடினாரோ, அதுதான் அடுத்த பத்து வருஷத்துக்கு எங்கள் ஊர் விளையாட்டு.

முதல் கையெழுத்து ஆங்கிலத்தில், சாய்வாக, அழகாக இருக்கும். ஜில்லா போர்டு ஹைஸ்கூலாக இருந்த காலம். மரத்தாலான டம்பெல் 40 ஜோடி, கர்லாக்கட்டை 24, லெசிம் 30, வாலிபால் 2, வலை 1. அந்த வாத்தியாரை நான் பார்த்ததில்லை; அப்பா அவரிடம் படித்தவர். சைதாப்பேட்டையில் டிரெயினிங் முடித்தவர் என்பதை ஏதோ லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டு வந்தவர் மாதிரி அப்பா சொல்வார். சைதாப்பேட்டை என்றால் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் தொடங்கியது. ஆசியாவில் உடற்கல்விக்கென்று முதலில் ஏற்பட்ட கல்லூரி அதுதான் என்பார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அதே பக்தான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வெள்ளைக் கால்சட்டையும் விசிலுமாக நின்ற டிரில் மாஸ்டர்களின் வம்சாவளியை மேலே தேடிப் போனால் பெரும்பாலும் அந்த வாசலில்தான் போய் முட்டும்.

அப்பா காலத்து வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆசிய நாடுகளில் அப்போது அதுதான் வழக்கம். ஆறு பேர் ஆட்டம் பின்னால் வந்தது. ஒன்பது பேர் மூன்று வரிசையாக நிற்பார்களாம். நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார்களாம். "பந்து உன்கிட்ட வந்தா அடி, வரலைன்னா நின்னு பாரு, அவ்வளவுதான்" என்பார் அப்பா. அவரிடம் வந்ததைவிட வராததுதான் அதிகம் என்று பிற்பாடு அவருடைய கூட்டாளி ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே போட்டு உடைத்தார்.

இரண்டாவது கையெழுத்து 1960-களின் நடுவில் ஆரம்பிக்கிறது. தமிழ் எழுத்து, உருண்டையாக. இவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதனால் பூப்பந்து. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூப்பந்து என்றால் இறகுப்பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. இதில் மஞ்சள் கம்பளி சுற்றிய சின்னப் பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். தரையில் விழாமல் அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் 29 பாயிண்ட் எடுத்தால் ஒரு ஆட்டம். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அரண்மனை இருக்கட்டும், தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ரயில்வே காலனி, மில் குவார்ட்டர்ஸ், அக்ரகாரத்துக் காலி மனை என்று எங்கெங்கும் சாயங்காலம் அந்த மஞ்சள் பந்து பறந்துகொண்டிருந்தது நிஜம்.

எங்கள் மைதானத்தின் வடக்கு ஓரத்தில் சிமெண்டில் புதைத்த இரண்டு இரும்புக் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. அவர் நட்டது. பதிவேட்டில் 'கம்பம் 2, சிமெண்ட் 1 மூட்டை, கூலி' என்று துல்லியமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளிக்கூடத்து ராக்கெட் ஆறோ எட்டோதான். நரம்பு அறுந்தால் மதுரைக்கு அனுப்பிக் கட்ட வேண்டும். ஆகவே சொந்தமாக ராக்கெட் வைத்திருந்தவன்தான் ஆடினான். சொந்த ராக்கெட் இருந்தவன் பஜார்க் கடைக்காரர் மகன், தாசில்தார் மகன், வாத்தியார் மகன். பள்ளிக்கூடத்தின் பெயர் மாவட்ட அளவில் பேசப்பட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் பொற்காலம் இது. கிழக்குத் தெருவில் கேட்டால் அந்தப் பொற்காலத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் நினைவில்லை.

மூன்றாவது கையெழுத்துதான் என்னுடையது. என்னுடையது என்றால், நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது இருந்தவருடையது. 1982. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஹாக்கி மட்டை 16, கார்க் பந்து 6, கோல் கீப்பர் பேடு 1 செட்.

இவர் கோவில்பட்டிக்காரர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கோவில்பட்டியை வெளியூர்க்காரர்களுக்குக் கடலை மிட்டாயாலும் தீப்பெட்டியாலும் தெரியும். ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு அது ஹாக்கிப்பட்டி. தெருவுக்குத் தெரு டீம், வீட்டுக்கு வீடு மட்டை. மட்டையைப் பிடித்தவனுக்கு ரயில்வேயிலோ பேங்கிலோ ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்பது அந்த ஊர்க் கணக்கு. அது வெறும் கனவும் இல்லை. போனவர்கள் தீபாவளிக்குப் பேண்ட் சட்டையோடு வந்து நின்றார்கள். மானாவாரிக் கரிசலில் கம்பும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்?

சார் வந்த முதல் வாரமே மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, தலைமை ஆசிரியர் அறைக்குப் போய், "சார், இதுல ஹாக்கி ஆட முடியாது" என்றாராம். கரிசல் மண்ணின் குணம் அப்படி. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும். செருப்பு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து, கார்க் பந்து வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அவரே அலைந்து, ஜின்னிங் ஃபேக்டரி முதலாளி ஒருவரிடம் பேசி, எட்டு லோடு சரள் மண் அடித்து, எங்களை வைத்தே பரப்பினார். ஒரு மாதம் பி.டி. பீரியட் என்றால் தட்டுக்கூடை சுமப்பதுதான். கடைசியில் பாதி மைதானம் சிவப்பு, பாதி கறுப்பு. சிவப்புப் பாதியில் பந்து பறக்கும். கறுப்புப் பாதிக்குள் நுழைந்ததும் சோர்ந்து நின்றுவிடும். டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த தொழில் ரகசியம்.

மட்டையெல்லாம் ஜலந்தரிலிருந்து வரும். மல்பெரி மரம். உடைந்தால் தூக்கிப் போடுகிற பேச்சே கிடையாது. கீறல் விட்ட இடத்தில் பசை தடவி, நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றி, வெயிலில் காய வைத்து மறுபடி ஆடுவோம். ஷின் பேடு கீப்பருக்கு மட்டும்தான். மற்றவர்கள் தீப்பெட்டி அட்டையைக் கற்றையாகச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வோம். அட்டைக்குப் பஞ்சமே இல்லை. டீமில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள்.

எங்களுக்கு முதல் கோல்கீப்பராக இருந்தவன் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தான். தெரியாதவர்களுக்கு: மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துவதுதான் கட்டை அடுக்குவது. கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. விடிவதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறுவார்கள். இவன் லீவு நாளிலும், பள்ளிக்கூடம் விட்ட பிறகும் மட்டும் போனான். அந்தக் குச்சி அடுக்கிய கைக்கு இருந்த வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றுவிட்டான். சார் அவன் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தார். மூன்றாவது தடவை அவனுடைய அம்மா, "சார், அவன் தம்பி அஞ்சாப்பு படிக்கான். பெரிய கிளாஸுக்கு வந்ததும் அவனை எடுத்துக்கோங்க" என்றாளாம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-ல். அவன் நின்றது அதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

நாங்கள் எப்படி ஆடினோம் என்று கேட்டால், சுமாராக. சார் சொல்லிக்கொடுத்தது அவர் சின்ன வயதில் ஆடிய ஹாக்கி. நடுவில் இரண்டு பேர் மட்டையை மூன்று தடவை தட்டிக்கொண்டு 'புல்லி' எடுத்துத்தான் ஆட்டம் தொடங்குவோம். அதற்குள் உலகம் அதைக் கைவிட்டிருந்தது. உலகம் அதோடு மண் தரையையும் கைவிட்டிருந்தது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வாங்கிய இந்தியா, மறு வருஷம் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல் விரித்ததும் ஏழாவது இடத்துக்குப் போனது. 1980-ல் மாஸ்கோவில் நம்ம சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. அந்தப் பத்திரிகைப் படத்தை சார் சாமான் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் பாதி சிவப்பு, பாதி கறுப்பு மண்ணில் அந்தப் படத்தை நம்பி ஆடிக்கொண்டிருந்தோம்.

கோவில்பட்டிப் பள்ளி ஒன்றோடு மேட்ச். நான் ரைட் ஹாஃப். ஏழு கோல் வாங்கினோம். எதிர் அணியில் லெஃப்ட் அவுட்டாக ஆடியவனுக்கு என் இடுப்பளவு உயரம்தான். அவன் என்னைக் கடந்து போனதை ஒவ்வொரு தடவையும் அவன் கடந்து போன பிறகுதான் நான் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. சார் எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கடலை மிட்டாயைக் கொடுத்துவிட்டு, "ஏழுதானல வாங்கிருக்கோம்? போன தடவ நம்ம பள்ளிக்கூடத்துல ஹாக்கியே கிடையாது" என்றார்.

அந்தக் கோவில்பட்டியில் பிற்பாடு செயற்கைப் புல் மைதானமே வந்தது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் வெளி மாவட்டப் பிள்ளைகள் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு அங்கே பழகிய இருவர் இந்திய அணியில் போனார்கள்: உள்ளூர் மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து வந்து பயின்ற கார்த்தி செல்வம். பாகிஸ்தானோடு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அன்று எங்கள் பழைய டீமில் உயிரோடு இருக்கிற ஒன்பது பேரும் போனில் பேசிக்கொண்டோம். என்னமோ நாங்கள் பாஸ் கொடுத்த மாதிரி.

சாருக்கு மாறுதல் வந்தது 1988-ல். மட்டைகள் அறைக்குள் போயின. பதிவேட்டில் அடுத்த கையெழுத்து: 'ஹாக்கி மட்டை 11, உபயோகமற்றது.'

இடையில் இன்னொரு கையெழுத்து நான்கு பக்கம் மட்டும் வந்து போகிறது. பச்சை மை. ஒரு டீச்சர். டென்னிகாய்ட் வளையம் 6, கோ-கோ கம்பம் 2, ஸ்கிப்பிங் கயிறு 20. அதுவரை பி.டி. பீரியடில் பெண் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து பூத்தையல் போட்டார்கள், அல்லது எங்களுக்குக் கை தட்டினார்கள். தாவணியோடு எப்படி கோ-கோ ஆடுவது என்று ஊரில் கேட்டார்கள். டீச்சர் தாவணியை இழுத்து இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் காட்டினாராம். என் தங்கை அந்த அணியில் இருந்தாள். ரயில்வே கேட் வரைக்கும் கேட்கிற மாதிரி "கோ!" என்று கத்துவாள். வீட்டில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. டீச்சர் மூன்றே வருஷம்தான் இருந்தார். அவர் போன பிறகு பிள்ளைகள் மறுபடி மரத்தடி.

1990-களில் பதிவேடு திடீரென்று காலியாகிவிடுகிறது. பக்கம் பக்கமாக 'சுண்ணாம்புத் தூள் 2 மூட்டை' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் பள்ளி அதிகமாக ஜெயித்த காலம் அதுதான் என்பதுதான் வேடிக்கை. வந்தவர் கபடி வாத்தியார். கபடிக்கு வாங்க என்ன இருக்கிறது? கோடு போடச் சுண்ணாம்பு வேண்டும், அவ்வளவுதான். 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடியைச் சேர்த்தார்கள். 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்து கணேசன் இருந்தார். மறு வருஷம் அர்ஜுனா விருது. சடுகுடு என்று நாங்கள் வாய்க்காலோரம் ஆடியதற்கு டெல்லியில் விருது கொடுக்கிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பெரிய அதிர்ச்சி. கிழக்குத் தெருப் பிள்ளைகள் முதல் தடவையாக மைதானத்தின் நடுவுக்கு வந்தார்கள்.

தென் மாவட்டங்களில் சாதிச் சண்டை கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களும் அவைதாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்று பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூப்பந்தில் நடுவில் வலை இருக்கும். ஹாக்கியில் மட்டை இருக்கும். கபடியில் ஒருவன் கணுக்காலை இன்னொருவன் பிடித்து, மேலே விழுந்து, மூச்சு முட்ட அமுக்க வேண்டும். கோட்டுக்குள் வருமுன் கயிறை அவிழ்த்து வேப்பமரக் கிளையில் தொங்கவிட வேண்டும் என்று அந்த சார் சட்டம் போட்டாராம். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கயிறை எடுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். மறுநாளும் தொங்கவிடுவார்கள். இதை எனக்குச் சொன்னவர், கட்டிக்கொண்டு போனதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அவருக்குப் பிறகு கையெழுத்தே இல்லை. பணியிடம் காலி. பல வருஷம் அறிவியல் ஆசிரியரோ ஓவிய ஆசிரியரோ பொறுப்பு பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் கிரிக்கெட் மைதானத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டது. அது ஊருக்குள் எப்போதோ வந்துவிட்டது. எண்பதுகளில் உயரக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினி பார்த்த வீடுகள் வழியாகவே வந்துவிட்டது. கிரிக்கெட்டைப் பழிக்க எனக்கு மனசில்லை. வாத்தியார் இல்லாமலே பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொண்ட ஒரே ஆட்டம் அது. ஆனால் ஏழாம் வகுப்பில் நன்றாக ஓடுகிறவனைப் பார்த்து, உனக்கு இது வேண்டாம், அதைச் செய் என்று சொல்ல ஆள் இல்லை. சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் பள்ளியில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். உயரம் தாண்டிப் பார் என்று சொன்னது அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அந்த ஆசிரியர் பணியிடம் அந்த வருஷம் காலியாக இருந்திருந்தால் என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு.

2012-ல் தமிழ்நாடு முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். எங்களுக்கும் ஒருவர் வந்தார். நல்ல தடகளக்காரர். மீதி நேரத்தில் மெடிக்கல் ஷாப்பில் நின்றார். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக பஸ் சார்ஜ் தன் கையிலிருந்து போட்டார். அவர் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத அவருக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் கையெழுத்து, நீல ஜெல் பேனா. 'ஈட்டி (மூங்கில்) 2.'

"புது சார் வந்து எட்டு மாசம் ஆச்சு. ஈட்டிக்காரரு. கொங்குப் பக்கம்" என்றான் நண்பன். "நீரஜ் சோப்ரா வீடியோவப் போட்டுப் போட்டுக் காட்டி எல்லாப் பயலையும் கம்பு தூக்க வச்சுட்டாரு."

மைதானத்தில் சத்தம் கேட்டுப் போனேன். சாயங்கால வெயில். சிவப்புப் பாதியில் வரிசையாக ஏழெட்டுப் பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள், டிராக் பேண்டில். சிவப்பில் நின்று கறுப்பைப் பார்த்து எறிகிறார்கள். சரளில் எறிந்தால் முனை வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுமாம். கரிசலில் நேற்றைய மழை. ஈட்டி போய்ச் சதக்கென்று குத்தி, கொஞ்சம் ஆடி, நிமிர்ந்து நின்றது. எங்கள் பந்தை நாற்பது வருஷத்துக்கு முன் விழுங்கிய அதே இடம். கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று நடந்தேன்.

பூப்பந்துக் கம்பத்தைத் தாண்டியதும் ஒரு பிள்ளை கத்தினாள். "அண்ணாச்சி, கம்பத்துக்கு அந்தப் பக்கமா நில்லுங்க! எறியப் போறேன்!"

பின்னால் வந்து நின்றேன்.